வளாகச் சுவரோவியங்கள்: திருச்சியும் சாந்திநிகேதனும்

வளாகச் சுவரோவியங்கள் என்பவை கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடங்களிலும் மதில்களிலும் கல்வியைப் போற்றும் நோக்கில் வரையப்படும் பெரிய ஓவியங்கள். இந்தியாவில் இவ்வகையின் முதன்மையான ஆக்கங்களில் ஒன்று, சாந்திநிகேதன் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் இந்தி பவனில் பினோத் பிஹாரி முகர்ஜி 1946-47-ல் வரைந்த 'இடைக்கால ஞானியர்' சுவரோவியம். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து கற்பித்த ராமானுஜர் அதில் இடம்பெறுகிறார். திருச்சிராப்பள்ளியின் வளாகச் சுவர்களை மதிப்பிட அந்த ஓவியம் நல்ல அளவுகோலாக அமைகிறது.

பின்புலம்

திருச்சி தமிழகத்தின் பழைய கல்வி நகரங்களில் ஒன்று. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட தூய வளனார் கல்லூரி 1883-ல் இங்கே இடம்பெயர்ந்தது. ஜமால் முகமது கல்லூரி 1951-லும், இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக இருக்கும் மண்டலப் பொறியியல் கல்லூரி 1964-லும், பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-லும் உருவாயின. சி.வி. ராமன் 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தார். அப்துல் கலாம் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954-ல் பட்டம் பெற்றார்.

இவ்விருவரின் முகங்களும் தமிழகக் கல்வி நிலையச் சுவர்களில் பரவலாகக் காணப்படுபவை. உடன் திருவள்ளுவர், விவேகானந்தர், விரித்த புத்தகம், ஒளிரும் மின்விளக்கு, பட்டமளிப்புத் தொப்பி, ராக்கெட் ஆகியவையும் இருக்கும். பெரும்பாலும் தெரிந்த ஒரு புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைவதே முறை. இவ்வோவியங்களுக்கு ஒரு பயன் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, ராமேஸ்வரத்தில் படகுக்காரரின் மகனாகப் பிறந்து இந்நகரில் படித்த ஒருவரின் முகம் நம்பிக்கை அளிக்கும். ஆனால் அந்த முகம் திருச்சியிலும் திருநெல்வேலியிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கற்றதன் விளைவாகக் கிடைத்த புகழை அது காட்டுகிறது. கற்றல் என்னும் செயல் சுவரில் இடம்பெறுவதில்லை.

இந்தி பவன் ஓவியம்

இந்தி பவன் ஓவியத்தின் களம் வேறு. ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் ஆகியோர் அதில் உள்ளனர். எவரும் தனிச்சட்டத்துக்குள் உருவப்படமாக அமர்ந்திருக்கவில்லை. கூடத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் மனிதத் திரள் ஆற்றின் ஓட்டம்போல நகர்கிறது. எளிய மக்களுக்கு நடுவிலிருந்து ஞானியரின் நெடிய உருவங்கள் எழுகின்றன. ராமானுஜர் இங்கே பீடத்தில் அமர்ந்த ஆசாரியர் அல்லர், திரளின் ஒரு பகுதி. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறித் திருமந்திரத்தை அனைவருக்கும் சொன்னார் என்னும் வைணவ மரபுக்கதையை அறிந்தவர்களுக்கு இந்தச் சித்தரிப்பு இயல்பாகவே பொருந்தும்.

இப்பொருள் அந்த வளாகத்தின் ஆய்விலிருந்து வந்தது என்பது முக்கியமானது. க்ஷிதிமோகன் சென் கபீரின் பாடல்களைத் தொகுத்தவர். இந்தி பவனின் தலைவராக இருந்த ஹஜாரி பிரசாத் த்விவேதி கபீரைப் பற்றிய முக்கியமான நூலை எழுதியவர். இருவரும் சாந்திநிகேதனில் பணியாற்றியவர்கள். அங்கே படிக்கப்பட்டதும் விவாதிக்கப்பட்டதும்தான் சுவருக்கு வந்தன.

ஓவியம் ஈரச் சுண்ணப்பூச்சின்மேல் வரையப்பட்டது. பூச்சு காய்வதற்குள் நிறத்தைத் தீட்டிவிட வேண்டும். சுண்ணம் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகும்போது நிறமும் சுவரோடு ஒன்றாகிவிடும். எனவே அன்றன்றைய பகுதியை அன்றே முடித்தாக வேண்டும், திருத்த இடமில்லை. பிறவியிலேயே பார்வைக் குறைபாடு கொண்டிருந்த முகர்ஜி, முழு அளவு வரைபடத்தைச் சுவரில் படியெடுக்காமல் நேரடியாகவே வரைந்தார். உதவியவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, 1942 போராட்டத்தில் சிறை சென்று, 1944-ல் கலாபவனத்தில் சேர்ந்தவர். பின்னாளில் அவரே இந்தியாவின் முக்கியமான சுவரோவியர்களில் ஒருவரானார். இந்தி பவன் சுவர் அவருக்கு ஒரு வகுப்பறை.

இவ்வோவியத்துக்கும் எல்லை உண்டு. அது கட்டடத்தின் உள்ளே, கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. தெருவில் செல்பவர் அதைக் காண முடியாது. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் வெளிச்சுவர்களில் ஹுவான் ஓ'கோர்மன் 1950-களின் தொடக்கத்தில் அமைத்த ஓவியம் அந்த எல்லையைக் கடந்தது. இயற்கை வண்ணக் கற்களைப் பதித்துச் செய்யப்பட்டதால் அது வெயிலில் எளிதில் மங்காது. திருச்சியின் கோடைவெயிலில் சிமெண்ட் பூச்சின்மேல் அடிக்கப்படும் எமல்ஷன் சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும்.

ஸ்ரீரங்கம் மரபு

கதையை வரிசையாகச் சொல்லும் சுவரோவியம் இப்பகுதிக்குப் புதிதன்று. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தின் முசுகுந்தன் கதை ஓவியங்களில் ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. நடந்துகொண்டே பார்க்கவும் படிக்கவும் அமைக்கப்பட்டவை இவை. வகுப்புக்கு வகுப்பு நடக்கும் மாணவர்களைக் கொண்ட கல்லூரித் தாழ்வாரத்துக்கு உருவப்படத்தைவிட இம்மரபே பொருத்தமானது.

மதிப்பீடு

வளாகச் சுவரோவியத்தின் மதிப்பு, அது அந்த வளாகத்தில் நிகழும் கல்வியைக் காட்டுகிறதா என்பதைப் பொறுத்தது. திருச்சியில் அதற்கான பொருள் நிறையவே உண்டு. தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினெட் உலர்தாவரகம் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய கே.எம். மேத்யூ வழிநடத்திய ஆய்விலிருந்து, தமிழ்நாட்டின் கர்நாடகப் பகுதித் தாவரங்களைப் பற்றிய விரிவான தொகுதிகள் 1980-களில் வெளிவந்தன. 1982-ல் வெளிவந்த தொகுதி முழுக்கவும் கோட்டோவியங்களால் ஆனது. களத்தில் செடியைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, பார்த்து வரைந்து, பெயரிடும் அந்த வேலையே கற்றல். அதிலுள்ள உருவங்களுக்கும் காவிரிக்கரை நிலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இத்தகைய ஒரு பொருளை மாணவர்களே ஆசிரியருடன் சேர்ந்து, மதிலின் வெளிப்பக்கத்தில் வரையலாம். தன் ஊர் வேலியில் உள்ள செடியைப் பேருந்துக்குக் காத்திருப்பவர் அங்கே பெயரோடு அடையாளம் காண்பார். வரைந்த மாணவர் அச்செடியைப் பிறகு மறக்கமாட்டார். இன்று அந்த மதில்களில் பெரும்பாலும் 'விளம்பரம் செய்யாதீர்' என்னும் வாசகம் மட்டுமே உள்ளது. ராமானுஜரைச் சுவரில் காண ஸ்ரீரங்கத்துக்காரர் வங்காளம் வரை செல்லவேண்டியிருப்பதற்குக் காரணம், அங்கே ஆய்வாளர்களும் ஓவியர்களும் ஒரே வளாகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே. திருச்சியின் துறைகளுக்கும் சுவர்களுக்கும் இடையே அந்த உரையாடல் இனிமேல்தான் தொடங்க வேண்டும்.