விட்டுவைத்த வெள்ளை

கலர் பென்சில் ஓவியத்தில் பாதி வேலை நிறத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் தப்பாகப் போனதன் மேல் வெள்ளையை அப்பி மறைக்கலாம். இங்கே அது நடக்காது. மெழுகிலோ எண்ணெயிலோ பிணைத்த நிறமி காகிதத்தின் சொரசொரப்பில் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாகத்தான் உட்காருகிறது. கறுப்பின் மேல் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் சாம்பல்தான் மிஞ்சும். ஆகவே, பித்தளைச் சொம்பு ஒன்றை வரைந்தால் அதன் கழுத்தில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சிடும் இடத்தை முதலிலேயே குறித்து, கடைசிவரை வெறும் காகிதமாகவே விட்டுவைக்க வேண்டும். சுற்றிலும் வெளிர்மஞ்சள், பிறகு காவி, நிழலில் பழுப்பும் ஊதாவும். அங்கே வெறும் கறுப்பை எடுத்தால் சொம்பு இரும்பாகிவிடும். கையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் சொரசொரப்பு நசுங்கி, அடுத்த நிறம் வழுக்கிக்கொண்டு போகும்.

இத்தனை திட்டம் போட்டால் படத்தில் துடிப்பு எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டம் கட்டிப்போடுவது வெளிச்சத்தின் இடத்தை மட்டுமே. மஞ்சளின் மேல் ஆரஞ்சா, பச்சையா என்பதை ஒவ்வொரு அடுக்கிலும் கண்தான் தீர்மானிக்கிறது. வெள்ளை ஜெல் பேனா இருக்கிறதே என்பது அடுத்த வாதம். பூனையின் மீசைக்கு அது சரி. சொம்பின் வளைவில் மெல்ல மங்கும் ஒளியிலோ அது ஒட்டவைத்த பொட்டாக நிற்கும். அதைவிடக் கத்தி முனையால் மேலடுக்கைச் சுரண்டுவது மேல், அதுவும் காகிதம் தடிமனாக இருந்தால்.