பொடியும் பொறியியலும்
மத்தாப்பின் வெள்ளை ஒளிக்கு அலுமினியப் பொடி வேண்டும். அதைத் தயாரிப்பதே ஒரு பொறியியல் பாடம். ஆலை உருளைக்குள் குண்டுகளோடு அடிபடும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதிருக்க ஸ்டீரிக் அமிலம் சேர்ப்பார்கள். துகள் செதிலாகத் தட்டையாகும். தொட்டால் விரலில் வெள்ளியாய் அப்பிக்கொள்ளும். காற்றில் மிதந்தாலோ ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

சிவகாசித் தொழிலதிபர்கள் சேர்ந்து 1984-இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரிக்கு இந்தப் பொடித் தொழிலின் பெயர்தான். மெப்கோ நம்மூர்க்காரர்களுடைய பொடி நிறுவனம், ஷ்லெங்க் ஜெர்மனியில் அதே தொழில் செய்யும் நிறுவனம். இயந்திரமும் வேதியியலும் பட்டறையிலேயே பார்த்துப் பழகிய ஊர், படிப்புக்குப் பணம் போட்டதில் வியப்பில்லை.

1920-களின் தொடக்கத்தில் இவ்வூரின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போக வேண்டியிருந்தது. இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள். வெயிலைத்தான் திட்டுவார்கள், அது நியாயம்தான்.