தலைவிக்குப் பெயர் உண்டு, திணை இல்லை

2016 தொடக்கத்தில் ஒரு மாலை. சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா, பாத்திரம் துலக்கிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "எம்பேரு கரெக்டா போட்டுக்கீறாங்களா பாரும்மா." பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கான ஒதுக்கீட்டு ஆணை. பெயர் சரியாகவே இருந்தது. ஐம்பது வயதில் அவர் பெயரை முதலில் போட்டு வந்த முதல் தாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு மகிழ்ச்சி, அதைச் சொல்லவும் செய்தேன். அவர் கேட்டது வேறு: "அங்கேர்ந்து காலைல ஆறு மணிக்கு உன் வூட்டுக்கு எப்டிம்மா வர்றது?"

பிரதிகளை வாசிப்பது என் தொழில். கவிதைக்குக் கொடுக்கும் கவனத்தை ஒரு திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைக்கும் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தோன்றியது. நமது பெண்ணியத் திறனாய்வு நாவலை விசாரித்திருக்கிறது, சினிமாவை விசாரித்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை அந்த அளவுக்கு விசாரிக்கவில்லை. ஆற்றங்கரைப் பெண்களின் வாழ்க்கையை நம் எல்லோரையும்விட அதிகமாக எழுதிக்கொண்டிருப்பவை படிவங்கள்தாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு சைதாப்பேட்டைக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த வாரங்களிலேயே கரையோரக் குடும்பங்களை அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். அவர்கள் இருந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'ஆட்சேபகரமான புறம்போக்கு'. குடிசைப் பகுதிகள் சட்டம் 1971-ல் வந்தது. அந்த ஆண்டில் சென்னையில் 1,202 இடங்கள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985-ல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் ஒன்றும் சேரவில்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் வாழ்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, ஆட்சேபம் மட்டும் உண்டு. அவர்கள் கொண்டுபோய் விடப்பட்ட பெரும்பாக்கமும் தாழ்வான நிலம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கத்து ஊர். மழை பெரிதாக வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளம் வரும் இடத்துக்கு அனுப்பினார்கள் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்.

பெரும்பாக்கம் வீடுகள் மத்திய அரசின் மானியத்தில் எழுந்தவை. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில், நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதிகள் என்று ஒரு பிரிவு இருந்தது. சென்னை போன்ற பெருநகரங்களுக்கு அதில் செலவில் பாதியை மத்திய அரசு தரும், மீதி மாநிலமும் உள்ளாட்சியும் பயனாளியும். அந்தத் திட்டத்தின் பிரதியை முதலில் வாசித்தபோது எனக்கு வியப்புதான். குடியிருப்பு உரிமைப் பாதுகாப்பு, வீடு, குடிநீர், கழிப்பிடம், கல்வி, மருத்துவம், சமூகப் பாதுகாப்பு என்று எல்லாம் இருக்கின்றன. நகர்ப்புற ஏழைகளுக்கு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே வீடு கிடைப்பதில் கவனம் செலுத்தப்படும் என்றுகூட இருக்கிறது. பட்டா மனைவியின் பெயரில் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் இருவர் பெயரிலும் என்கிறது. இத்தனை நல்ல வாக்கியங்களிலிருந்து எப்படி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி ஓர் எட்டு அடுக்கு வந்து சேர்ந்தது?

விடை அதே பிரதியில் வேறொரு வரியில் இருக்கிறது. வடகிழக்கும் மலை மாநிலங்களும் தவிர மற்ற இடங்களில் நிலம் வாங்கும் செலவுக்கு மானியம் கிடையாது. கட்டடத்துக்குத்தான் பணம். சைதாப்பேட்டையில் நிலத்தின் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். விலையில்லாத நிலம் நகரின் விளிம்பில்தான் கிடைக்கும். அங்கே கட்டினால்தான் மானியத்தை முழுதாக வாங்க முடியும், எண்ணிக்கை காட்ட முடியும். பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வந்தன. வேலைக்கு அருகில் என்ற வாக்கியத்தை யாரும் அடிக்கவில்லை. நிலத்துக்குப் பணம் கொடுக்காததால் அது தானாகவே செத்துவிட்டது. ஒரு பிரதியில் எந்த வாக்கியத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது, எதற்குப் பின்னால் இல்லை என்று பார்ப்பதும் ஒரு வாசிப்பு முறைதான். எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை.

2015 ஜூனில் வந்த பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில் வாக்கியங்கள் குறைந்தன. கூட்டு முறையில் கட்டும் வீடு ஒன்றுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தரும். நாற்பது, நாற்பது, இருபது சதவீதம் என மூன்று தவணை. கட்டடம் எழும்ப எழும்பப் பணம் வரும். ஏறிய சுவரைத்தான் அளக்கிறார்கள். உள்ளே குடிவந்த பெண்ணுக்கு வேலை இருக்கிறதா என்பது எந்தத் தவணைக்கும் நிபந்தனை இல்லை. ஆனால் ஒன்று கெட்டிப்பட்டது. முன்பு விருப்பமாக இருந்தது இப்போது கட்டாயம்: வீடு குடும்பத் தலைவி பெயரில், அல்லது கணவனோடு கூட்டாக. வயதுவந்த பெண்ணே இல்லாத வீட்டில்தான் ஆண் பெயரில் மட்டும்.

இதை நான் ஏளனம் செய்யவில்லை. சொத்தில் பெயர் வேண்டும் என்று பெண்கள் எத்தனை காலம் கேட்டார்கள். அக்காவின் பிளாக்கிலேயே ஒரு பெண், குடித்துவிட்டு அடித்த புருஷனை, "இது எம்பேர்ல கீற வூடு, வெளிய போ" என்று சொல்லி நிறுத்தினாராம். ஆற்றங்கரையில் அந்த வாக்கியத்தை அவரால் சொல்லியிருக்க முடியாது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த விதியைக் காப்பாற்ற வேண்டும்.

ஆனாலும் 'தலைவி' என்ற சொல் என்னை விடவில்லை. அகத்திணையில் தலைவிக்குப் பெயர் சொல்வதில்லை, அது மரபு. பெயர் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒரு நிலம் உண்டு, பொழுது உண்டு. இவ்விரண்டும்தான் முதற்பொருள். அந்த நிலத்தின் நீர், உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். இவற்றைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது என்று நம் இலக்கணம் நினைத்தது. படிவத்தின் தலைவிக்குப் பெயர் இருக்கிறது, கைரேகை இருக்கிறது, ஆதார் எண் இருக்கிறது. நிலமும் பொழுதும் தொழிலும் இல்லை. அக்காவின் நிலம் என்றால் எங்கள் தெரு, அடுத்த தெருவில் இரண்டு வீடு, சி.ஐ.டி. நகரில் ஒரு வீடு, பஜார் ரோட்டில் கடனுக்குக் கொடுக்கும் கடை, பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துக் குடிசைப் பெண். பொழுது என்றால் காலை ஆறு மணி, பிறகு நான்கு மணி. இவை சேர்ந்ததுதான் அவருக்கு இடம். வீடு அதில் ஒரு மூலை.

பெரும்பாக்கம் போன பிறகு மூன்று மாதம் வந்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மேடவாக்கத்தில் பஸ் மாறி, ஏழு மணிக்கு மேல் வந்து சேர்வார். எனக்கு எட்டரைக்குக் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும். முதல் மாதம் பொறுத்தேன். மூன்றாம் மாதம் தெருக்கோடியிலிருந்து வேறொருவரை வைத்துக்கொண்டேன். மானியக் கொள்கையைப் பற்றி எழுதும்போது இதை எழுதாமல் விடக் கூடாது. ஆறு மணிக்கு வர வேண்டும் என்று சொன்னவள் நான். அவருடைய இடப்பெயர்வின் செலவில் ஒரு பைசாவும் நான் ஏற்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குள் அவர் நான்கு வீட்டையும் இழந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

அந்தச் சாலையை ஒட்டித்தான் பழைய மீள்குடியமர்வுப் பகுதி ஒன்று இருக்கிறது, கண்ணகி நகர். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டை விட்டு மதுரைக்கு நடந்தே போனவளின் பெயர். கணவனின் தொழிலுக்கு முதலாகத் தன் சிலம்பைக் கொடுத்தவளின் பெயர். வைத்தவர் யோசித்து வைத்தாரா, யோசிக்காமல் வைத்தாரா தெரியாது. இரண்டில் எதுவானாலும் பொருத்தம்தான்.

இனி 'குடும்பம்'. பிரதமர் திட்டத்தின்படி கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' படித்தவர்களுக்குத் தங்கத்தை நினைவிருக்கும். மகன் சிட்டி, கூடவே வாழ வந்த, சிட்டிக்குத் தகப்பன் அல்லாத ஒரு மனிதர். அறுபதுகளில் ஒரு நாவல் இதைக் குடும்பமாக எழுதிக் காட்டியது. படிவத்தில் இன்றும் இதற்கு இடம் இல்லை. எங்கள் அக்கா, கணவன் விட்டுப் போனவர். அவருடைய மூத்த சகோதரி கணவனை இழந்தவர். இருவரும் முப்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் ஒரே உலையில் பொங்கி, ஒருவர் பிள்ளையை ஒருவர் வளர்த்தார்கள். அதைவிட உறுதியான குடும்பத்தை நான் பார்த்ததில்லை. கணக்கெடுப்பில் ஒரு கதவுக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு தலைவி. மூத்தவர் 'சார்ந்திருப்பவர்' ஆனார். பெயர் கொடுக்கும் விதி ஒருத்திக்குக் கொடுத்தபோது, பக்கத்தில் நின்றவளின் பெயரை எடுத்துவிட்டது.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டபோது முதலமைச்சராக இருந்த கருணாநிதி சைதாப்பேட்டையின் சட்டமன்ற உறுப்பினர். வாரியத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'அகற்றும்' வாரியம், தமிழில் 'மாற்று'. தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பெயருக்கு நெருக்கமாகவே நடந்தார்கள். நகருக்குள், குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் கட்டடங்கள் எழுந்தன. பிற்காலத்தில் ஆங்கிலப் பெயர் மெய்யானது. 2021-ல் பெயரே மாறி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பழுதடைந்த அந்தப் பழைய கட்டடங்களை இப்போது அதே இடத்தில் இடித்துக் கட்டுகிறார்கள், அதே மத்திய மானியத்தைப் பெற்று. அப்படியானால் இருந்த இடத்திலேயே கட்டுவது முடியாத காரியம் இல்லை. வாரியத்தின் பழைய முழக்கம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது. சாவி வாங்கும் புகைப்படங்களில் முன்வரிசையில் எப்போதும் பெண்கள் சிரிக்கிறார்கள். அக்காவும் ஒரு படத்தில் இருக்கிறார். சிரிக்கச் சொன்னார்கள் என்றார்.

அமெரிக்காவில் 1974 முதல் நகர மேம்பாட்டுக்கு ஒரு மொத்த மானியம் இருக்கிறது. ஒன்றிய அரசு பணம் தரும், எதற்குச் செலவிடுவது என்று நகரமே முடிவு செய்யும். எழுபது சதவீதமாவது குறைந்த, நடுத்தர வருவாய் உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும், செலவிடும் முன் மக்களிடம் கேட்க வேண்டும். அங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய நகரப் புதுப்பிப்புத் திட்டங்கள் கறுப்பின மக்களின் பகுதிகளை இடித்த கதை தனி. ஆனால் 'முதலில் கேள்' என்பது அங்கே பணத்தோடு சேர்ந்த நிபந்தனை. நம்மிடமும் 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் குடிசைப் பகுதி மேம்பாட்டை நகராட்சியின் பணியாகப் பட்டியலிட்டது. சென்னையில் அது மாநில வாரியத்தின் கையிலேயே இருக்கிறது. ஆற்றங்கரைகள் காலியாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை, மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் இருந்தது, போய் நிற்கக் கவுன்சிலர் இல்லை.

போன மாதம் அக்கா வந்திருந்தார். மூத்த சகோதரியின் மகளும் இப்போது தனியாகத்தான் இருக்கிறாள், கையில் குழந்தை. ஒரே அறையில் ஐந்து பேர். அவளுக்கு ஒரு வீடு கேட்டு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார், நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விண்ணப்பதாரர் பெயர் எழுதினேன். அடுத்த கட்டம், கணவர் பெயர். ஒரு கோடு இழுத்தேன்.

"கோடு போடாதம்மா. திருப்பி அனுப்பிடுவாங்க."

"அவர் பேரை எழுதறதா அக்கா?"

"அவன் பேரு வேணாம். வேற எதுனா எழுது."