பட்டினப்பாலையில் போகாதவன்

தமிழரின் கடல் வணிகத்தைப் பேசும் புலம்பெயர் மேடைகளில் பட்டினப்பாலை தவறாமல் வந்துவிடுகிறது. கடல்வழி வந்த குதிரைகள், மிளகு மூட்டைகள், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள்கள், பொதிகளில் புலிச்சின்னம் பொறிக்கும் சுங்கக்காரர்கள். பெரும்பாலும் இந்தப் பட்டியலோடு வாசிப்பு நின்றுவிடுகிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகளும் பாலைத்திணை, பிரிவைப் பேசுவது. பொருள் தேடப் புறப்பட வேண்டியவன் தன் நெஞ்சிடம் பேசுகிறான். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை 200 அடிகளுக்கு மேல் அடுக்கிவிட்டு, அந்தப் பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்கிறான். பின்பு கரிகாலன் புகழ் வருகிறது. முடிவில், போகவேண்டிய காடு அவன் வேலைவிடக் கொடிது, இவள் தோள் அவன் செங்கோலைவிடக் குளிர்ந்தது என்று நிறைகிறது பாட்டு.

துறைமுகத்தில் பண்டங்கள் குவியக் குவியத்தான் அந்த மறுப்பின் கனம் கூடுகிறது. மறுப்பை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது சுங்கக் கணக்கு. நாம் போனவர்கள், பலருக்கு மறுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. பெருமைக்குச் சான்றாக மட்டும் இதை ஏந்தும்போது, போவதற்கு என்ன விலை என்று கேட்கும் நம் பழைய குரலொன்றை இழக்கிறோம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது கப்பல்களோடு அந்த மறுப்பையும் சொல்ல வேண்டும்.