கண்ணைப் பழக்குகிறவர்கள்: கலை ரசனைப் பயிலரங்குகளை முன்வைத்து

தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்கள் பலவற்றில் இன்று ஒரு வரலாற்று ஆர்வலர் சங்கமோ பண்பாட்டுக் கழகமோ இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், எல்.ஐ.சி.க்காரர்கள், ஒன்றிரண்டு மருத்துவர்கள் என்று முப்பது நாற்பது உறுப்பினர்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கலை ரசனைப் பயிலரங்கு. அதைத் தொடர்ந்து வேன் பிடித்து ஒரு கோயில் உலா. 'பென்ஷன்காரங்க பிக்னிக், இதுல என்னய்யா விமர்சனம் வேண்டிக் கிடக்கு?' என்று தோழர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் இருக்கிற அலட்சியம் எனக்கு ஒப்புதலில்லை. எதை அழகென்று பார்ப்பது, எதைப் பார்க்காமல் கடந்து போவது என்கிற பழக்கம் இங்கேதான் உருவாக்கப்படுகிறது. அதைப் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் எடுத்துச் செல்கிறவர்களும் இவர்கள்தாம்.

இந்த வடிவத்துக்கு நம்மிடம் ஒரு முன்வரலாறு உண்டு. திருநெல்வேலியில் டி.கே.சி.யின் வட்டத்தொட்டி, 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இரண்டும் உள்ளூர் அன்பர்களைக் கூட்டி வைத்து ரசனையைப் பழக்கியவை. டி.கே.சி.யின் வாசிப்பில் இருந்த உயிர்ப்பை யாரும் மறுக்க வேண்டியதில்லை. பண்டிதர்களின் பதவுரையிலிருந்து கவிதையை மீட்டு வாய்விட்டுச் சொல்ல வைத்தவர் அவர். ஆனால் தன் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவையே அல்ல என்று ஒதுக்கியவரும் அவர்தான். ரசனை ஒரு பதிப்பாசிரியராகவும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பிடிக்காததை அது எதிர்ப்பதில்லை. பிரதியிலேயே இல்லை என்று ஆக்கிவிடுகிறது.

இன்றைய கோயில் உலாவில் இந்தப் பதிப்பு வேலை எப்படி நடக்கிறது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய உலாக்கள் சிலவற்றில் நானும் போயிருக்கிறேன். வல்லுநர் பேசுவது பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும்: 216 அடி விமானம், உச்சியில் ஒரே கல், நிழல் தரையில் விழாது, இத்தனை டன், இத்தனை யானை. விமானத்தின் நிழல் தரையில் விழத்தான் செய்கிறது. வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் யாரும் பார்க்கலாம். உச்சியில் இருப்பதும் ஒற்றைக் கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்தது. தப்பான தகவல் சொல்கிறார்கள் என்பது மட்டும் என் பிரச்சினையில்லை. பிரமிப்பு வந்த இடத்தில் பார்வை நின்றுபோகிறது. வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்கிறவனுக்குக் கண்ணுக்கு நேரே இருக்கிற சுவர் தெரிவதில்லை.

அந்தச் சுவர் முழுக்க எழுத்து. தானும், தன் அக்கனும், தன் பெண்டுகளும், மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணையின்படி வெட்டப்பட்டவை. ஹுல்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதி 1891இலிருந்து அச்சில் வரத் தொடங்கியது. எனவே இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

என்ன இருக்கிறது அந்தச் சுவரில்? பல தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் இருக்கிறார்கள், ஒவ்வொருத்தியும் தன் பெயரோடு. எந்தத் தளியிலிருந்து வந்தாள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்கிற விவரத்தோடு. ஒருத்திக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆட்டம் பயிற்றும் நட்டுவனாருக்கு அதைப்போல் இரு பங்கு. குசவர், வண்ணத்தார், நாவிதர், தையல்காரர், தச்சர், தட்டார் என்று ஒரு பெரிய உழைப்புப் பட்டியலும் உண்டு. குஞ்சரமல்லன் என்கிற பெருந்தச்சனின் பெயர்கூட இருக்கிறது. சேரனையும் பாண்டியனையும் வென்று கொண்டுவந்த பொன் எதுவாகச் செய்யப்பட்டது என்ற கணக்கு இருக்கிறது. நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலில் வரி நீக்கப்பட்ட நிலம் எது என்று சொல்லுமிடத்தில் குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்படுகின்றன. 1010இல் முடிசூடிய கலசத்தின் கீழே, ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது என்று அரசனே வெட்டிவைத்த சாட்சியம் இது.

இப்போது மேல்தளத்துக்கு வருவோம். அங்கேயுள்ள சுற்றுப்பாதையில் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டு, மிச்சக் கற்கள் வெறுமனே நிற்கின்றன. பொதுப் பார்வைக்கு அந்தத் தளம் திறந்திருப்பதில்லை; பயிலரங்குகளில் படம் போட்டுக் காட்டுவார்கள். 'நாட்டியக் கலையின் உச்சம்' என்பார்கள். நல்லது. ஆனால் அந்தக் கரணங்களை ஆடுவது யார்? நான்கு கையோடு சிவன். கோயிலில் பணி செய்ய வந்த 400 பெண்களின் பெயர் சுவரில் எழுத்தாகத் தங்கிவிட, ஆட்டத்துக்கான உடல் கடவுளுடையதாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை கலை ரசனை தொடங்க வேண்டிய இடமே இதுதான். சிற்பத்தின் வளைவையும் கல்வெட்டின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோதுதான் அந்த வளைவு எதை மறைத்துக்கொண்டு அழகாக நிற்கிறது என்று கேட்க முடியும். பயிலரங்கில் இரண்டும் சந்திப்பதேயில்லை. சிற்பம் 'கலை' அமர்வில், கல்வெட்டு 'வரலாறு' அமர்வில்; நடுவில் தேநீர் இடைவேளை.

2010 செப்டம்பரில் ஆயிரமாண்டு விழாவை மாநில அரசு எடுத்தபோது பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் பேர் அங்கே பரதம் ஆடினார்கள். தளிச்சேரிப் பெண்டுகளைப் பிற்காலத் தேவதாசிகளோடு அப்படியே சமன்படுத்துவது சரியான வரலாறு ஆகாது. ஆனாலும் இடையில் ஒன்று நடந்திருக்கிறது. கோயிலோடும் சதிரோடும் கட்டப்பட்டிருந்த பெண்களிடமிருந்து ஆட்டம் பிரிந்து, பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடைக்கு ஏறியது. 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பொட்டுக்கட்டுதல் ஒழிந்தது நியாயம். ஆட்டம் மட்டும் 'பாரம்பரியம்' ஆகி, ஆடியவர்கள் 'களங்கம்' ஆனது எப்படி என்பதுதான் கேள்வி. ரசனை இங்கேயும் பதிப்பு வேலை செய்திருக்கிறது.

பியர் பூர்தியு 1966இல் அலென் தார்பெலோடு சேர்ந்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வருகிறவர்கள் பற்றி எழுதிய ஆய்வு, கலையை நேசிப்பது பிறவிக் குணமில்லை, படிப்பின் படிக்கட்டோடு ஏறுவது என்று காட்டியது. பணம் வாங்காமல் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிடுவதில்லை. நம்மூரில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. இங்கே கதவே சாதியால் மூடிக்கிடந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை மாகாணத்தில் அத்தகைய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1947இல் இன்னும் விரிவான சட்டம். அப்படியானால் தூணருகே நின்று 'இந்த நளினத்தைப் பாருங்க' என்று சொல்லுகிற கண்ணுக்கு, இந்த மண்ணில் நூறு வருஷம்கூட ஆகாத ஒரு பொது உரிமை பின்னால் நிற்கிறது. அதை யார் போராடி வாங்கினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நளினத்தைப் பேசுவது, கண்ணை மட்டும் உள்ளே கூட்டிப்போய் மனுஷனை வாசலிலேயே நிறுத்துகிற காரியம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கோயில் என்றாலே சுரண்டலின் சின்னம், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்கிற செயல்பாட்டாளர் மனோபாவமும் இன்னொரு வகைப் பார்க்காமைதான். கல்லை உடைத்தவனும் கொத்தியவனும் பேசாமல் விட்டுப்போனது அந்த உளியின் ஓட்டத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாமல் அவனுக்காக எப்படிப் பேசுவது? நம் கூட்டங்களில் ஒரு சிற்பத்தை, ஒரு ஓவியத்தை, பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்த்ததுண்டா? அந்தச் சங்கத்துக்காரர்கள் முப்பது பேர் ஒரு நாள் முழுக்க ஒரே பொருளின் முன்னால் நடக்கத் தயாராக இருக்கிறார்கள். இந்த வடிவம் நம்மிடம் இல்லை. 2022, 2023இல் பொன்னியின் செல்வன் படங்கள் வந்த பிறகு சோழப் பெருமிதம் யாரும் கூப்பிடாமலே வேனில் ஏறிக்கொள்கிறது. நாம் ஒதுங்கி நின்றால் அந்த இருக்கைகள் காலியாக இருக்கப்போவதில்லை.

ஆகவே என் யோசனை எளிமையானது. இந்தச் சங்கங்களில் உறுப்பினராகச் சேருங்கள், சந்தா கட்டுங்கள், உலாவுக்குப் போங்கள். வல்லுநர் பேசி முடித்ததும், இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, ஒரு கல்வெட்டை முழுசாக வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அடுத்த பயிலரங்குக்கு ஒரு கல்தச்சரைப் பேச அழைக்கச் சொல்லுங்கள். அய்யனார் கோயில் மண்குதிரைகளைச் செய்கிற வேளாரின் சூளையையும் பயணத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த நானூறு பெயர்களில் இருபதையாவது அந்த இடத்தில் நின்று ஒருவர் உரக்க வாசித்தால், கேட்டவர்கள் பிறகு மேலே கரணங்களைப் பழையபடி பார்ப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்திலிருந்துதான் ரசனையைப் பற்றி நாம் பேசத் தொடங்க முடியும்.