ஜீனோவும் வெந்நீரும்

ஏற்காட்டில் ஒரு நண்பருடைய காப்பித் தோட்டத்து வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். மழை வெளியே கிளம்ப விடவில்லை. அலமாரியில் அகப்பட்டது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரந்தோறும் காத்திருந்து படித்த நாவல்தான்.

கதையில் நிலாவுக்குத் துணை, ஜீனோ என்ற யந்திர நாய். விளையாட்டுச் சாமானாக வீட்டுக்குள் வருகிறது, புத்தகங்களைப் படிக்கிறது, பிறகு சொந்தமாக யோசிக்கவே ஆரம்பித்துவிடுகிறது. அந்த வளர்ச்சியைச் சிரிப்பும் கும்மாளமுமாகச் சொல்லியிருப்பதில்தான் சுஜாதாவின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆனால் ஜீனோ வளர வளர நிலா சுருங்கிப் போகிறாள். அது யோசனை சொல்கிறது, இவள் நடக்கிறாள். இந்தக் குறை முன்பு என் கண்ணில் படவில்லை. இப்போது பட்டதற்கு நண்பரின் மகள் காரணம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். அடுப்பில் நீர் தளதளவென்று கொதிக்க, "மாமா, தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு. 95க்கு மேலே ஏறவே இல்லை. புஸ்தகத்திலே 100ன்னு போட்டிருக்கு" என்றாள். எனக்கும் சட்டென்று புரியவில்லை. இருவருமாக யோசித்தோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் நீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

2024இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம் 'ஐரிஸ்' என்ற யந்திர ஆசிரியைக்குச் சேலை கட்டி வகுப்புக்குக் கொண்டுவந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வது அதன் வேலை. ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகர ஆராய்ச்சியாளர்கள் நேர்மாறாக யோசித்தார்கள். 'நாவோ' என்ற குட்டி யந்திரத்தைக் கோணல் மாணலாக எழுதவிட்டார்கள். அதற்கு எழுதக் கற்றுக்கொடுப்பது குழந்தைகளின் பொறுப்பு. எழுத வராமல் கூசிய பிள்ளைகூட அங்கே வாத்தியாராகிவிடுகிறது.

துணைக்கும் வாத்தியாருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வாத்தியாருக்கு விடை தெரியும். துணை நம்மோடு சேர்ந்து விழிக்கும். ஆரம்பத்து ஜீனோ துணை. பிற்பகுதி ஜீனோ சர்வக்ஞன். கதைக்கு அது விறுவிறுப்பைத் தந்தது, நிலாவுக்கு நஷ்டம்தான்.

அந்தப் பெண்ணின் அடுப்படியில் எல்லாம் தெரிந்த ஒரு ஜீனோ நின்றிருந்தால், கேள்வி முடியுமுன் விடை வந்திருக்கும். வெந்நீர் ஆறியிருக்கும். அந்த முகத்தை நான் பார்த்திருக்க மாட்டேன்.