எள்ளலும் பொறுப்பும்: டேவ் சப்பலின் ‘தி குளோசர்’ பற்றிச் சில குறிப்புகள்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் களங்கள் நான்கெனக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலையே முதற்கண் வைத்துள்ளார். பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் அதனுள் அடங்கும் என்பர் உரைகாரர். இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரத்தை அளந்தறிய விரும்புவோர்க்கு, அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவைக் கலைஞரான டேவ் சப்பலின் மேடை வாழ்வு தக்க சான்றாகும்.

சப்பலின் பேச்சை நெடுங்காலமாக விரும்பிக் கேட்டு வருபவன் நான். பொலிசாரின் கெடுபிடிகளைக் கறுப்பின மகனொருவனின் கண்கொண்டு நோக்கி அவர் 2000இல் வழங்கிய நிகழ்ச்சி, எள்ளப்பட்டோரின் நகையாக அமைந்தது. 2005இல், ஏறத்தாழ 50 மில்லியன் டொலர் பெறுமதியான தொலைக்காட்சி ஒப்பந்தத்தைக் கைவிட்டு அவர் தென்னாபிரிக்கா சென்றார். கறுப்பரைப் பற்றிய நாடகத் துணுக்கொன்றின் படப்பிடிப்பில் வெள்ளையர் ஒருவர் சிரித்த சிரிப்பு தம்மை உறுத்தியதென அவர் பின்னர் கூறினார். தாம் விளைவித்த சிரிப்பு எத்தகையது என வினவிய கலைஞரின் நேர்மை அது.

2021 ஒக்ரோபரில் நெற்பிளிக்ஸ் வெளியிட்ட ‘தி குளோசர்’ நிகழ்ச்சியில் அந்நேர்மையைத் தேடியே நான் அமர்ந்தேன். அது முற்றாக மறைந்துவிடவில்லை. ராப் பாடகரொருவர் கடையொன்றில் ஒருவரைச் சுட்டுக்கொன்றமை அவர் புகழைப் பாதிக்கவில்லை. தன்பாலீர்ப்பினரை அவர் இழித்துரைத்தமையோ பாதித்தது என்கிறார் சப்பல். கறுப்பரின் உயிருக்கும் பிறரின் உணர்வுக்கும் அந்நாட்டுச் சமூகம் இடும் மதிப்பின் ஏற்றத்தாழ்வை இவ்வொப்பீடு கூர்மையாக உணர்த்துகின்றது. இதனை வெறும் வெறுப்புரை என ஒதுக்குவது விமர்சனமாகாது.

ஆயின், இவ்வாதத்தின் அடித்தளத்திலேயே ஒரு குறை உளது. கறுப்பரையும் திருநரையும் அவர் எதிரெதிர் அணிகளாக நிறுத்துகின்றார். கறுப்பினத்தவராகவும் திருநராகவும் ஒருங்கே வாழ்வோர்க்கு இப்பாகுபாட்டில் இடமில்லை. திருநரின் உடலைப் பற்றிய நகைத்துணுக்குகளோ, எந்த அதிகாரத்தையும் சாடாது, இழிவுபட்டோரை மேலும் இழிவுபடுத்துவனவாகவே எஞ்சுகின்றன. அம்மாதம் 20ஆந் திகதி நெற்பிளிக்ஸ் ஊழியர் சிலர் பணியினின்றும் வெளியேறி எதிர்ப்புத் தெரிவித்தமையை இப்பின்னணியிலேயே நோக்கல் வேண்டும்.

நிகழ்ச்சியின் உச்சம், 2019இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட திருநங்கைக் கலைஞர் ஒருவரைப் பற்றிய கதையாகும். தன்னைச் சப்பல் விளங்கிக்கொள்ளத் தேவையில்லை, தானும் ஒரு மனித அனுபவத்தையே வாழ்கின்றேன் என்பதை நம்பினாற் போதும் என அவர் கூறினாராம். இவ்விடத்தில் அரங்கு அமைதியுறுகின்றது; நானும் நெகிழ்ந்தேன். எனினும், இறந்தவரின் நட்பைத் தம் தரப்பின் சாட்சியமாக்கி அக்கதையை முடிக்கையில், அம்மொழியின் பொருளையே சப்பல் தவறவிடுகின்றார். அவர் கேட்டது நம்பிக்கை; வழங்கப்பட்டதோ வழக்குரை.

1979இல் கென்யா சென்று திரும்பிய றிச்சட் பிறயர், தாம் மேடையில் தாராளமாகக் கையாண்ட, கறுப்பரை இழித்துரைக்கும் சொல்லைத் துறந்தார். 1982இல் வெளிவந்த நிகழ்ச்சிப் படத்தில் அதனை விளக்கினார். அத்துறவு அவரது கலையைக் குன்றச்செய்யவில்லை. இரு தரப்பும் சேர்ந்து சிரிக்கின்றோம் என்பது உறுதியாகும்வரை இம்மக்களைப் பற்றிப் பேசுவதில்லை என ‘தி குளோசர்’ முடிவிற் சப்பலும் கூறினார். 2023 டிசம்பர் 31இல் வெளியான ‘தி டிறீமர்’ நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அவ்வுறுதி தளர்ந்தது.

சப்பலின் ஆற்றலை நான் இன்றும் மதிக்கின்றேன்; அதனாலேயே இக்குறையைப் பொறுத்தல் அரிதாகின்றது. அவரை அளப்பதற்கு வெளியிலிருந்து கோலொன்று கொணர வேண்டியதில்லை. ஒருவரது சிரிப்பின் பொருட்டுப் பெருஞ்செல்வத்தைத் துறந்துசென்ற 2005ஆம் ஆண்டுச் சப்பலே அதற்குப் போதும்.